கார் ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்: ஒழுகும் வாயைக் கண்டுபிடித்து அடைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில், மதுரை மணிநகரம் கர்டர் பாலத்தின் அடியில் தேங்கியிருந்த மழைநீரைக் கடந்து வந்த மறுநாள் காலையில், என் காரின் இடப்பக்க ஹெட்லைட்டுக்குள் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிற்பதைக் கண்டேன். பட்டறையில் கொடுத்தபோது, கண்ணாடியும் உடலும் சேரும் விளிம்பு முழுவதும் சிலிக்கோனைத் தாராளமாகப் பிதுக்கி, பின்பக்கம் இருந்த சிறு துளைகளையும் விடாமல் அடைத்து, இனி ஒரு சொட்டு இறங்காது என்று உறுதி சொல்லி அனுப்பினார்கள். பத்து நாள் கழித்துப் பெய்த மழையில் முன்பைவிட அதிகத் தண்ணீர் உள்ளே நின்றது. அதன்பின் எவ்வளவு வெயில் அடித்தும் அது வெளியேறவே இல்லை.

கடைசியில் நானே கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. தண்ணீர் இறங்கியது விளிம்பு வழியாக அன்று. பழைய உரிமையாளர் மின்விசிறி வைத்த எல்.இ.டி. பல்பைப் பொருத்துவதற்காகப் பின்பக்க ரப்பர் மூடியின் நடுவில் கத்தியால் வட்டமாக வெட்டியிருந்தார். அந்த வெட்டு வழியாகவே தண்ணீர் வந்திருக்கிறது. ஒழுகாத இடத்தில் பசையும், திறந்திருக்க வேண்டிய இடத்தில் அடைப்பும், அடைக்க வேண்டிய இடத்தில் ஓட்டையுமாக அந்த ஹெட்லைட் ஒரு மாதம் ஓடியிருக்கிறது. பசை பூசுவது அரை மணி நேர வேலை. வாயைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே பொழுது போகும். எனவே இந்த வழிகாட்டியிலும் தேடுவதற்குத்தான் அதிக இடம் தந்திருக்கிறேன்.

ஹெட்லைட் மூச்சு விடும் விதம்

கடைக்காரர்கள் டூம் என்று அழைக்கும் ஹெட்லைட் அமைப்பில் முன்பக்கம் இருப்பது பெயருக்குத்தான் கண்ணாடி. இன்றைய கார்களில் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். பின் உடல் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். உடலின் விளிம்பில் ஓடும் பள்ளத்துக்குள் கண்ணாடியின் ஓரம் இறங்கி உட்கார, இரண்டுக்கும் நடுவே ஒட்டுப்பொருள் நிரம்பியிருக்கும். பின்பக்கத்தில் பல்ப் மாற்றுவதற்கான வாய்களும், அவற்றை மூடும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடிகளும் இருக்கும். இவற்றைத் தவிர, மூக்குத் துவாரம் போல் கீழ்நோக்கி வளைந்த ஒரு சிறு ரப்பர் குழாயோ, காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு ஒட்டப்பட்ட வட்டமான ஸ்டிக்கரோ ஓரிரண்டு இடங்களில் இருக்கும். இவைதான் மூச்சுத்துளைகள். இவற்றை ஓட்டை என்று நினைத்து அடைப்பதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன.

ஹெட்லைட்டின் உள்ளே ஐந்து லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்கு எரிந்து அந்தக் காற்று 30 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறினால், அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விரிந்து, அரை லிட்டர் காற்று வெளியேறியாக வேண்டும். விளக்கை அணைத்ததும், அல்லது சூடான ஹெட்லைட்டின் மேல் திடீரென மழை கொட்டியதும், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அதே அரை லிட்டரைத் திரும்ப இழுக்கும். மூச்சுத்துளை திறந்திருந்தால் வெறும் காற்று மட்டும் உள்ளே போகும். அது அடைபட்டிருந்தால், விளிம்பில் மயிரிழை அளவுக்கு எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே அந்த இழுப்பு முழுவதும் சேரும். அந்த இடத்தில் மழைநீர் படிந்திருந்தால் அதையும் சேர்த்து உறிஞ்சும். மழையில் நிறுத்தி வைத்த காரில் ஒழுகாத ஹெட்லைட், மழையில் ஓட்டிய காரில் ஒழுகுவது இதனால்தான்.

ஆவியா, ஒழுக்கா

உள்ளே ஈரம் தெரிந்தவுடன் ஸ்பேனரை எடுக்க வேண்டியதில்லை. கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய பனித்திரை போல் படர்ந்து, விளக்கைப் போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் மறைந்துவிடும் ஆவி, மூச்சு விடும் எந்த ஹெட்லைட்டிலும் வரக்கூடியது. எல்.இ.டி. ஹெட்லைட்டுகளில் முன்புறம் அதிகம் சூடேறுவதில்லை என்பதால் அங்கே அது மறைய இன்னும் சற்று நேரம் பிடிக்கும்.

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுபவர்கள் இதை நன்றாகப் பார்க்கலாம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் ஏறும்போது ஹெட்லைட் காற்றை வெளியே விடுகிறது. இறங்கும்போது மலைப்பாதையின் மூடுபனிக் காற்றை உள்ளே இழுக்கிறது. மேலே இரவு தங்கினால் விடியற்காலையில் இரு பக்கக் கண்ணாடியும் வெளுத்திருக்கும். இரு பக்கமும் ஒரே அளவில் வெளுத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

இதற்கு ஒரு சிறு கணக்கும் உண்டு. 30 டிகிரியில் ஈரம் முழுமையாக நிரம்பிய காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீரைத் தாங்கும். அப்படியானால் ஐந்து லிட்டர் காற்றில் இருக்கக்கூடியது 0.15 கிராம் மட்டுமே, அதாவது மூன்று சொட்டு. அது முழுவதும் கண்ணாடியில் படிந்தாலும் பனித்திரைதான் உண்டாகும். ஆகவே கண்ணாடியில் உருண்டு வழியும் துளிகளையோ, அடியில் ஒரு கரண்டி அளவு தேங்கிய நீரையோ பார்த்தால், அது காற்றிலிருந்து வந்ததே அன்று. எங்கோ ஒரு வாய் திறந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப வெளுப்பதும் அதே சந்தேகத்துக்கு உரியது.

கார் இன்னும் உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் இதற்கு மேல் எதையும் தொடாமல், தண்ணீர் நிற்கும் நிலையில் படமும் காணொளியும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போவதே சரி. நாம் ஒரு முறை பிரித்துவிட்டால் பிறகு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கழற்றுவதற்கு முன் தடயத்தைப் படித்தல்

உள்ளே நிற்கும் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதற்கு அதுவே பாதி சாட்சி சொல்லும். நம் ஊர்ப் பக்கம் பல வீடுகளில் கார் கழுவ உப்புத் தண்ணீர்தான் போர்வெல்லிலிருந்து வருகிறது. அது வற்றினால் வெள்ளைக் கறை விடும். மழைநீர் வற்றினால் அந்த உப்புப் படிவு இராது. உள்ளே வெள்ளையாகக் கோடு கோடாகப் படிந்திருந்தால், குற்றவாளி மழை இல்லை, வாட்டர் சர்வீஸில் மிக அருகிலிருந்து அடிக்கும் அழுத்தத் தண்ணீர் என்று கருத இடமுண்டு. பழுப்பு நிறச் சேற்றுக்கோடு இருந்தால், தேங்கிய நீரில் ஓட்டியபோது கீழிருந்து அல்லது பின்பக்கத்திலிருந்து வந்திருக்கலாம். துளிகள் கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒரே இடத்திலிருந்து கீழ்நோக்கித் தடம் போட்டிருந்தால், அந்த இடத்தின் நேர் மேலே விளிம்புப் பிளவைத் தேட வேண்டும். இவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உலர்த்திய பிறகு தடயம் போய்விடும்.

இன்னொன்றும் இப்போதே செய்ய வேண்டும். இருட்டிய பின் சமதரையில் காரைச் சுவரை நோக்கி நிறுத்தி, டிம் ஒளியின் மேல்கோடு சுவரில் விழும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, டயர் நின்ற இடத்தையும் தரையில் குறித்துவிடுங்கள். திரும்பப் பொருத்தியபின் வெளிச்சம் மேலேறிப் போகாமல் பார்த்துக்கொள்ள இந்தக் கோடு ஒன்றே போதும்.

கழற்றுதல்

என்ஜின் அணைந்து விளக்குகள் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எச்.ஐ.டி. (செனான் வாயு விளக்கு) வகை ஹெட்லைட் என்றால் இதைக் கட்டாயமாகச் செய்ய வேண்டும்; அதைப் பற்றவைக்கும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டைத் தாண்டும். அவ்வகை விளக்கில் அனுபவம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே நல்லது.

பல கார்களில் பத்தாம் நம்பர் ஸ்பேனரில் கழலும் போல்ட்டுகள் மேலே இரண்டு கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது பம்பரின் மறைவில் இருக்கும். மேலிரண்டைக் கழற்றிவிட்டு ஹெட்லைட்டைப் பிடித்து இழுப்பவர்கள்தான் அதன் பிளாஸ்டிக் காதுகளை உடைக்கிறார்கள். சக்கர வளைவுக்குள் இருக்கும் ஸ்க்ரூவையும் பம்பரின் மேல் கிளிப்புகளையும் எடுத்து, பம்பரின் அந்த மூலையைச் சற்று விலக்கினாலே மூன்றாவது போல்ட் தெரியும். வயர் இணைப்புகளைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டை அமுக்கிக் கப்ளரைப் பிடித்து இழுங்கள். முனைகளில் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் அங்கும் போயிருக்கிறது என்று பொருள். அதைப் பிறகு காண்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்ய வேண்டும்.

ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் எரியும்போது அளவுக்கு மீறிச் சூடேறி பல்ப் சீக்கிரம் போய்விடும். பட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடலாம்.

உலர்த்துதல்

மூடிகளையும் பல்புகளையும் எல்லாம் எடுத்துவிட்டு, ஹெட்லைட்டைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். வெள்ளை உப்போ சேறோ உள்ளே இருந்தால், வடித்த பிறகு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை ஒரு டம்ளர் விட்டு அலசி மறுபடியும் வடிக்கலாம். ரிஃப்ளெக்டரைத் துணியாலோ பஞ்சாலோ துடைக்கவே கூடாது. அதன் பளபளப்பு, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைத்த மிக மெல்லிய அலுமினியப் படலம். ஒரு முறை அழுத்தித் துடைத்தால் கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்துவிடும்.

மதுரை வெயில் இந்த வேலைக்கு வாய்த்த வரம் என்று தோன்றும். ஆனால் புரொஜெக்டர் லென்ஸ் உள்ள ஹெட்லைட்டைக் கண்ணாடி மேல் பார்க்கும்படி உச்சி வெயிலில் வைத்தால், அந்த லென்ஸே பூதக்கண்ணாடி போல் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கைப் பொசுக்கிவிடும். முகத்தைக் கவிழ்த்து, பின்வாய்கள் மேல்நோக்கித் திறந்திருக்க, மேலே ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைப் போர்த்தி வைத்தால் போதும். மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது. அப்போது ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து ஒரு வாய் வழியாகக் காற்றைச் செலுத்தி மறு வாய் வழியாக வெளியேற விடலாம். இரவு முழுவதும் டேபிள் ஃபேன் முன் வைத்தாலும் காய்ந்துவிடும்.

அரிசிக்குள் புதைத்து வைக்கும்படி எனக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அரிசியின் தவிட்டுத் தூசி ரிஃப்ளெக்டரில் படிவதைத் தவிர அதனால் பெரிய பயன் இல்லை. அதற்குச் சோறு வடிக்கலாம். கடைசி ஈரத்தை இழுக்க சிலிக்கா ஜெல் பைகளை ஓர் இரவு உள்ளே வைத்து மூடலாம். பிறகு எண்ணி எடுத்துவிட வேண்டும். உதிரியான மணிகளை உள்ளே கொட்டக் கூடாது.

ஒழுகும் வாயைக் கண்டுபிடித்தல்

முதலில் வெறும் கண்ணால் தேடுங்கள். பின்மூடிகளின் உதடு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா, ரப்பர் வெடித்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட நாள் நிறுத்தி வைக்கும் கார்களில் எலி ரப்பரைச் சுவைத்த பல்தடத்தைப் பார்த்திருக்கிறேன். பார்க்கிங் பல்ப், இண்டிகேட்டர் பல்ப் ஹோல்டர்களில் நீர் புகாமல் தடுக்கும் ஓ வளையம் என்ற ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். பல்ப் மாற்றும்போது அது நழுவி விழுந்து, அங்கேயே மறக்கப்பட்டிருக்கும். போல்ட் போடும் காது முறிந்திருந்தால் அந்த முறிவு உடலுக்குள் பிளவாக ஓடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டூவீலர் இடித்த சிறிய இடியில் பம்பரில் கீறல்கூட விழாமல், பின்னால் ஹெட்லைட்டின் காது மட்டும் முறிந்திருப்பது அடிக்கடி நடப்பது.

மூச்சுத்துளைக் குழாயை உருவிப் பார்க்க மறக்காதீர்கள். ஒரு காரில் ஒரு பக்கம் மட்டும் வெளுத்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம் தேடி அலைந்து, கடைசியில் அந்த ரப்பர் குழாயை உருவினால், சுண்டு விரல் தடிமனுள்ள அதன் வாயைக் குளவி மண்ணால் பூசி வைத்திருந்தது. காய்ந்த மண் ஒரு உருண்டையாகவே வெளியே வந்து விழுந்தது. நத்தம், மேலூர்ப் பக்கம் செம்மண் தடங்களில் ஓடும் வண்டிகளில் குளவி இல்லாமலேயே புழுதி இந்த வேலையைச் செய்துவிடும். குழாயைக் கழுவி, காயவைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். சவ்வு ஸ்டிக்கர் என்றால் மெல்லிய பிரஷால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊசியால் குத்தினால் அதன் ஆயுள் அத்தோடு முடிந்தது.

கண்ணுக்குச் சிக்காத வாயைக் காற்றால் பிடிக்க வேண்டும். பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பார்களே, அதே முறைதான். ஆனால் காயவைத்த ஹெட்லைட்டை மறுபடி தண்ணீரில் முக்குவது வீண் வேலை என்பதால் சோப்பு நுரையைப் பயன்படுத்துகிறோம். எல்லாப் பல்புகளையும் மூடிகளையும் அதனதன் இடத்தில் பொருத்தி, மூச்சுத்துளைகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றைத் தற்காலிகமாக டேப்பால் மூடுங்கள். விட்டுவைத்த துளையில் ஒரு மீட்டர் நீள மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, சுற்றிலும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். சவ்வு மட்டுமே உள்ள வகை என்றால், சவ்வை மூடிவிட்டு, ஒரு பல்ப் வாயைப் பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டி அதன் நடுவே குழாயைச் செருகலாம். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, அந்த நுரையைப் பெயிண்ட் பிரஷால் ஒவ்வொரு சாணாக விளிம்பில் தடவிக்கொண்டே வர, இன்னொருவர் குழாயில் வாயால் மெல்ல ஊத வேண்டும். பிளவு இருக்கும் இடத்தில் கடுகு அளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்து, கொத்தாகச் சேரும். அந்த இடத்தின் இரு முனைகளையும் பெயிண்ட் மார்க்கரால் குறியுங்கள். முதல் குமிழியைக் கண்டதும் நிறுத்திவிடாமல் முழுச் சுற்றும் முடிக்க வேண்டும்; ஒரே இடியில் இரண்டு இடத்தில் வாய் திறப்பது உண்டு. பஞ்சர் கடையின் கம்ப்ரஸர் காற்றை மட்டும் நேரடியாகக் கொடுக்காதீர்கள். நன்றாக இருக்கும் ஒட்டும் பிரிந்துவிடும்.

குமிழி எங்கும் வராவிட்டால் தண்ணீர்ச் சோதனை ஒன்று பாக்கி இருக்கிறது. பின்வாய் வழியாக உள்ளே அடிப்பகுதியில் காய்ந்த செய்தித்தாள் துண்டுகளைப் பரப்பி மூடி, டேப்புகளை எடுத்துவிட்டு, தோட்டக் குழாயில் அழுத்தமில்லாத தண்ணீரை முதலில் அடிவிளிம்பில் இரண்டு நிமிடம், பிறகு பக்கவாட்டில், கடைசியாக மேல்விளிம்பில் என்று விடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு திறந்து தாளைப் பார்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எந்த இடம் ஒழுகியது என்று தெரியாமல் போகும்.

அடைத்தல்: இடத்துக்கு ஏற்ற மருந்து

பின்மூடியோ ஓ வளையமோ காரணம் என்றால் புதியது வாங்கிப் போடுவதே வைத்தியம். வெட்டிய மூடியைச் சிலிக்கோனால் ஒட்ட முயல வேண்டாம். எல்.இ.டி. பல்பின் வால் நீளமாக இருப்பதால் மூடி உட்காரவில்லை என்றால், குறை மூடியில் இல்லை. ஹாலஜனுக்கென வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் அத்தகைய பல்ப் பெரும்பாலும் ஒளியைச் சிதறடித்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், பழைய எச்4 வகை ஹாலஜன் பல்புக்கே திரும்புவது இரண்டு வகையிலும் லாபம்.

விளிம்பில் ஒரு சிறு நீளம் மட்டும் பிரிந்திருந்தால் ஹெட்லைட்டைத் திறக்காமலேயே வெளியிலிருந்து அடைக்கலாம். குறித்த இடத்திலும் இருபுறமும் இரண்டு விரல் அகலத்துக்கும் தூசியைச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் மூன்றும் பாலிகார்பனேட்டுக்கு ஆகாதவை. கண்ணாடியில் மாவுக்கோலம் போல் நுண்வெடிப்புகளை உண்டாக்கும். சிலிக்கோன் வாங்கும்போது நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும், பூசும்போது வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும்; மூடிய இடத்தில் அந்த ஆவி அலுமினியப் படலத்தை அரிக்கும். பசையை மேலே மெழுகுவது போதாது. பிளவைப் பிளாஸ்டிக் நெம்பியால் மயிரிழை அளவு திறந்து, உள்ளே இறங்கும்படி செலுத்தி, ஈர விரலால் வழித்துவிட்டு, கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். சிலிக்கோன் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும் என்பதால், முழுதாக ஒரு நாள் கழித்தே வண்டியில் ஏற்றுங்கள்.

உடலில் பிளவு என்றால் வேறு பாடு. பாலிபுரொப்பிலீனில் சாதாரணப் பசைகள் பிடித்து நிற்பதில்லை. சில வாரங்களில் வறட்டி போல் உரிந்து வந்துவிடும். உடலின் பின்புறத்தில் பி.பி. என்ற எழுத்து அச்சாகியிருந்தால், அதே வகைப் பிளாஸ்டிக் துண்டை வைத்துச் சால்டரிங் அயர்னால் பிளவின் இரு கரைகளையும் உருக்கிச் சேர்க்கலாம். பம்பர் பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவர்களிடம் கொடுத்தால் இதைச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். முன் கண்ணாடியில் மயிரிழைக் கீறல் என்றால் தெளிவான எபாக்ஸியை அதில் ஊற வைத்துச் சில காலம் ஓட்டலாம். கல் பட்டு உடைந்து துளை விழுந்திருந்தால் ஒட்டுப்போடுவதில் அர்த்தமில்லை.

அடியில் துளை போட்டு வடிய விடும் யோசனையை நான் ஏற்பதில்லை. தண்ணீர் வடியும் வழி, அடுத்த முறை தேங்கிய நீரில் இறங்கும்போது தண்ணீர் ஏறும் வழியாகிவிடும்.

முழுதாகத் திறந்து மறுபடி ஒட்டுதல்

விளிம்பின் பெரும்பகுதியும் காய்ந்து விட்டுக்கொடுத்திருந்தால் கண்ணாடியைப் பிரித்தாக வேண்டும். அதற்கு முன் பள்ளத்தில் இருக்கும் ஒட்டுப்பொருள் எதுவென்று தெரிய வேண்டும். சிறு ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் அழுத்திப் பாருங்கள். நுனி இறங்கி, இழுக்கும்போது பலாப்பழப் பால் போல் கறுப்பாக இழைவிட்டால் அது பியூட்டைல், சூடேற்றிப் பிரிக்கலாம். அழிப்பான் ரப்பர் போல் எதிர்த்து நின்றால் பாலியூரித்தேன். சூட்டுக்கு அது இளகாது. அதைக் கத்தியால் அறுத்துப் பிரிக்கும்போது நூற்றுக்கு நூறு பேர் இல்லாவிட்டாலும் பெரும்பாலோர் கண்ணாடியை உடைத்துவிடுகிறார்கள். அவ்வகைக்கு வெளியிலிருந்து அடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்பக்க டெயில் லைட்டுகளில் பல நேரடியாக உருக்கி ஒட்டப்பட்டவை. அவற்றைச் சூடுகாட்டினால் கோணிக்கொள்ளும்.

பியூட்டைலுக்கு 100 டிகிரிச் சூடு போதும். பாலிகார்பனேட் 147 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரிக்கு மேல் உருகும். பெரிய ஓவன் இருப்பவர்கள் 100 டிகிரியில் எட்டுப் பத்து நிமிடம் வைத்து எடுக்கலாம். நம் வீடுகளில் அத்தனை பெரிய ஓவன் இருப்பது அரிது என்பதால் ஹீட் கன்தான் வழி. அதன் வாயில் வெப்பம் பல நூறு டிகிரி இருக்கும். ஆகவே ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் விளிம்பு நெடுகிலும் தீபாராதனை காட்டுவது போல் சுற்றிச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். தொடங்கும் முன் ஸ்க்ரூக்களையும் உலோகக் கிளிப்புகளையும் எல்லாம் எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். ஒரு மூலை இளகியதும் பிளாஸ்டிக் நெம்பியைச் செருகி, ஒருவர் சூடுகாட்ட மற்றவர் மெல்லப் பிரித்துக்கொண்டே போகலாம்.

திறந்தபின் கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளைக் கறை இருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். சில கண்ணாடிகளின் உட்புறத்தில் ஆவி படியாமல் இருக்க ஒரு பூச்சு உண்டு. ரசாயனம் போட்டுத் தேய்த்தால் அது போய்விடும். பள்ளத்தில் உள்ள பழைய பியூட்டைல் சுத்தமாக இருந்தால் அதன் மேலேயே புதியது பிடிக்கும். ஆனால் முன்பு யாராவது சிலிக்கோன் பூசியிருந்தால், அதன் கடைசித் துணுக்குவரை சுரண்டி எடுத்தாக வேண்டும். சிலிக்கோன் எச்சத்தின் மேல் எந்த ஒட்டும் நிற்காது. என் ஹெட்லைட்டில் இந்தச் சுரண்டலுக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

பியூட்டைல் கயிற்றைப் பள்ளத்தின் அகலத்துக்கேற்ப வாங்கி, இழுத்து மெலிதாக்காமல் வைத்து, அடிப்பக்கத்தில் இரு முனைகளும் ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி முடியுங்கள். ரிஃப்ளெக்டரில் விரல்தடம் இருக்கிறதா, உள்ளே ஸ்க்ரூ எதுவும் உருளுகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி சூடுகாட்டி, கண்ணாடியை நேராக இறக்கி அழுத்தி, கிளிப்புகளையும் ஸ்க்ரூக்களையும் போட்டு, கிளாம்ப்போடு ஆற விடுங்கள். சூடு ஆறிய பிறகு சோப்பு நுரைச் சோதனையை ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும்.

பொருத்துதலும் இறுதிச் சோதனையும்

மூச்சுத்துளைகளில் ஒட்டிய டேப்பை எடுத்துவிட்டீர்களா என்பதுதான் பொருத்துமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி. வண்டியில் மாட்டி, இணைப்புகளைக் கொடுத்து, பழைய குறியில் டயரை நிறுத்திச் சுவரில் ஒளிக்கோட்டைப் பாருங்கள். கோடு ஏறியோ இறங்கியோ இருந்தால் பின்பக்கத் திருகால் சரிசெய்யுங்கள். பிறகு விளக்கை இருபது நிமிடம் எரியவிட்டு, அணைத்த உடனே மழை போல் தண்ணீரைப் பத்து நிமிடம் தெளியுங்கள். ஆறும்போது உண்டாகும் இழுப்போடு சேர்த்துச் சோதித்தால்தான் அது சோதனை. மறுநாள் காலையில் உள்ளே துளி இல்லையென்றால் வேலை முடிந்தது. வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது ஹெட்லைட்டின் விளிம்பில் அழுத்தக் குழாயை ஒட்டிப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எப்போது புதிது வாங்குவது

ரிஃப்ளெக்டரின் பளபளப்பு உரிந்திருந்தால், எல்.இ.டி. பலகை அரித்துப்போயிருந்தால், உடல் பல இடங்களில் வெடித்திருந்தால் ஒழுக்கை அடைத்தும் வெளிச்சம் திரும்பாது. இடிபட்டதால் வந்த சேதம் என்றால் முழுக் காப்பீட்டில் கோரலாம். ஆனால் பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழிப்பார்கள். தேய்மானம் கழிக்காத ஸீரோ டெப் என்ற கூடுதல் காப்பீடு எடுத்தவர்களுக்கு மட்டும் அந்தக் கழிவு இல்லை. கோரிக்கை வைத்தால், கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் போகும். அது 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை உயரக்கூடியது என்பதால், கையிலிருந்து கொடுப்பது மலிவா என்று புதுப்பிப்புத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய டூமைக் காயலான் கடையில் போடும் முன், அதிலுள்ள பின்மூடிகள், பல்ப் ஹோல்டர்கள், ஓ வளையங்கள், மூச்சுத்துளைக் குழாய் ஆகியவற்றைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பல மாடல்களுக்கு இவை தனியாகக் கிடைப்பதில்லை. வெட்டிப்போட்ட ஒரு ரப்பர் மூடிக்காக நான் முழு டூமையே விலை கேட்க வேண்டி வந்தது.